யானை தொட்டால் ஓர் உயிர்

தேயிலைக் காட்டின் ஒற்றையடிப் பாதையில் ஒரு சிறுமி புத்தகப் பையோடு நடந்து போகிறாள். எதிர்ப்பக்கத்திலிருந்து காட்டு யானை வருகிறது. அம்புக்குறிப் பொத்தான்களை அழுத்தி அவளை மேலும் கீழும் நகர்த்தி, யானைமேல் படாமல் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுசேர்க்க வேண்டும். அவளுக்கு மூன்று உயிர். யானை தொட்டால் ஓர் உயிர் போகும். மூணாறு மலையில் வளரும் பிள்ளையிடம் ஒரு கேமுக்குக் கதை சொல்லச் சொன்னால் இதுதான் முதலில் வரும். ரஜினி படத்தின் பெயரால் படையப்பா என்று அழைக்கப்படும் கொம்பன் கடைவீதிவரை வந்துபோகிற ஊர் அது.

கட்டளைகளைப் பிளாக்குகளாக அடுக்கும் ஸ்கிராட்ச் என்ற நிரல்மொழியில் இந்தக் கேமைச் செய்வது எளிது. உயிர் என்று ஒரு மாறி வைத்து அதில் 3 என்று எழுதுகிறோம். 'எப்போதும் செய்' என்ற லூப்புக்குள் ஒரு நிபந்தனையை வைக்கிறோம்: யானையைத் தொட்டால் உயிரில் ஒன்றைக் குறை. நிரலைத் தொடங்கும் பச்சைக் கொடியை அழுத்தி விளையாடினால், யானையின் தும்பிக்கை நுனி பட்ட மாத்திரத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. "சார், யானை ஒரு தடவதான் தொட்டுச்சு. மூணு உயிரும் போயிருச்சு." இந்த முறையீடு புரோகிராமிங் கற்பவருக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பாடங்களில் ஒன்றுக்கு வாசல்.

நடந்தது இதுதான். ஸ்கிராட்ச் அந்த லூப்பை நொடிக்கு ஏறத்தாழ 30 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் "இப்போது தொடுகிறதா?" என்று பார்க்கிறது. யானை சிறுமியைக் கடந்துபோக அரை நொடி ஆகிறது என்றால், அந்த அரை நொடிக்குள் பதினைந்து முறை 'ஆம்' என்ற விடை வருகிறது. மூன்று உயிரும் போக நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே போதும். நம் கண்ணுக்கு அது ஒரே மோதல். நாம் எழுதிக்கொடுத்ததோ மோதலை எண்ணும் விதி அல்ல. தொட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் தண்டனை தரும் விதி. கணினி அதைப் பிசகாமல் நிறைவேற்றியது.

இதைச் சரிசெய்யப் பல வழிகள் உண்டு. உயிரைக் குறைத்தவுடன் ஒரு நொடி காத்திரு என்று ஒரு பிளாக்கைச் சேர்க்கலாம். பெரும்பாலான பிள்ளைகள் முதலில் இதைத்தான் செய்வார்கள். அப்படிச் செய்தால் யானை பக்கத்திலேயே நின்றுவிட்டால் ஒரு நொடிக்குப் பிறகு அடுத்த உயிரும் போகும். இரண்டாவது வழி, தொட்டவுடன் சிறுமியைப் பாதையின் தொடக்கத்துக்கே அனுப்பிவிடுவது. மூன்றாவது, 'தொடாத நிலை வரும்வரை காத்திரு' என்று எழுதி, யானை விலகிய பிறகே அடுத்த மோதலைக் கணக்கில் எடுப்பது. மூன்றும் மூன்று வெவ்வேறு கேம்கள். எது நியாயம் என்று வகுப்பில் வாக்குவாதம் எழும். எழ வேண்டும். தொட்டுக்கொண்டிருக்கும் நிலையும் தொடத் தொடங்கும் நிகழ்வும் வேறு வேறு என்பதை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை அந்த வாக்குவாதத்திலேயே பிடித்துக்கொள்கிறது. மின்னணுப் பொறியியல் மாணவர்கள் கல்லூரியில் படிக்கிற அதே வேறுபாடுதான் இது.

கேம் வழியாகப் புரோகிராமிங் கற்பிப்பதைப் பலர் மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாறி, லூப், நிபந்தனை, நிகழ்வு, ஒரே நேரத்தில் ஓடும் பல நிரல்துண்டுகள் ஆகிய எல்லாமே கேமுக்கு உண்மையாகவே தேவைப்படுகின்றன. கூட்டுவட்டி கணக்கிடும் நிரலில் தவறு இருந்தால், விடையைத் தனியே கணக்கிட்டுப் பார்க்காத பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்தால்தான் தெரியும். கேமில் தவறு இருந்தால் யானை மரத்துக்குள் புகுந்து போகிறது, மாங்காய் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போகிறது, உயிர் மைனஸ் பதினொன்று என்று காட்டுகிறது. தவறென்று சொல்ல வேறொருவர் வேண்டாம். செய்த பிள்ளையே கண்டுபிடித்து, செய்த பிள்ளையே வழக்காடி, செய்த பிள்ளையே திருத்துகிறது.

இந்த யோசனைக்கு வயது அறுபதை நெருங்குகிறது. 1967இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வாலஸ் ஃபியூர்சைக், சேமூர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் முதலியோர் லோகோ என்ற கணினிமொழியைக் குழந்தைகளுக்காகவே உருவாக்கினார்கள். பின்னாளில் அதில் ஓர் ஆமை சேர்ந்தது. நூறு அடி முன்னே போ, 90 பாகை வலப்பக்கம் திரும்பு, இதை நான்கு முறை செய் என்றால் அது சதுரம் வரையும். வட்டம் வரைய வேண்டுமென்றால் எப்படி என்று கேட்கும் குழந்தையை எழுந்து நடந்து பார்க்கச் சொன்னார் பேப்பர்ட். கொஞ்சம் நட, கொஞ்சம் திரும்பு, மறுபடி கொஞ்சம் நட. உடம்புக்குத் தெரிந்த வடிவியல் அப்படியே நிரலாகிவிடும். ஜெனீவாவில் ழான் பியாஜேவுடன் பணியாற்றியவர் பேப்பர்ட். குழந்தை அறிவை வாங்கிக்கொள்வதில்லை, கட்டிக்கொள்கிறது என்ற பியாஜேயின் கருத்தைக் கையில் பிடிக்கும் பொருளாக மாற்றியவர். 1980இல் வெளிவந்த மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற அவருடைய நூல் இதை விரிவாகப் பேசுகிறது.

அவர் வழியில் வந்த யாஸ்மின் கஃபாய் ஒரு படி மேலே போனார். பாஸ்டனில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம், தங்களைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னங்களைச் சொல்லித்தரும் கேம்களை லோகோவில் செய்யச் சொன்னார். பிறர் செய்த கேமை ஆடுவதைவிடத் தானே கேம் செய்யும்போது பிள்ளை எதைக் கற்கிறது என்பதுதான் அவர் கேள்வி. பிள்ளைகள் புரோகிராமிங்கும் கற்றார்கள், பின்னங்களும் கற்றார்கள். 1995இல் வந்த அவருடைய நூல் இந்தத் துறைக்கு அடிப்படை நூல்களில் ஒன்று. எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கிய ஸ்கிராட்ச் 2007 மே மாதம் பொதுவெளிக்கு வந்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல் வண்ண பிளாக்குகளாகக் கோத்து அடுக்கும் முறை அது. பொருந்தாத இரண்டு பிளாக்குகள் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. அரைப்புள்ளி விட்டுப்போனதால் ஒரு பீரியட் முழுக்க வீணாகும் கொடுமை அதில் இல்லை.

கேரள அரசுப் பள்ளிகளுக்கு ஸ்கிராட்ச் வந்துசேர்ந்த பாதை தனியானது. 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்ற திட்டம் தொடங்கி, பள்ளிக் கணினிகள் அனைத்தையும் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. அந்தத் திட்டமே 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாக உருமாறியது. மாணவர்களின் குட்டிக்கூட்டம் என்றிருந்த அமைப்பு, 2018 ஜனவரியில் லிட்டில் கைட்ஸ் என்ற பெயரில் உயர்நிலைப் பள்ளிகளில் கிளப்பாகத் தொடங்கியது. எட்டாம் வகுப்பில் ஒரு திறனறித் தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். அனிமேஷன், ஸ்கிராட்ச், பைத்தான், செல்போன் செயலி, மின்னணுவியல் எல்லாம் உண்டு. பொறுப்பாசிரியரைத் தொடக்கத்தில் கைட் மாஸ்டர், கைட் மிஸ்ட்ரஸ் என்று அழைத்தார்கள். ஓணத்தை ஒட்டிய முகாம்களில் ஓண விளையாட்டுகளையே ஸ்கிராட்ச்சில் செய்யவைக்கிறார்கள். பூக்களமும் செண்டையும் பாடமாகிவிடுகின்றன.

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, முதலமடை. இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களின் தோட்டப் பகுதிகள். இங்கெல்லாம் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. கணினிப் பாடநூல் மலையாளம், ஆங்கிலம், கன்னடத்தோடு தமிழிலும் அச்சாகிறது. இங்குள்ள பிள்ளை வீட்டில் தமிழ் பேசும், கடையிலும் பேருந்திலும் மலையாளம் பேசும், மென்பொருளில் ஆங்கிலம் பார்க்கும். மூன்று மொழிக்கு நடுவே நிற்கும் பிள்ளைக்குக் கேம் செய்யும் பாடம் மற்ற பாடங்களைவிடக் கொஞ்சம் கூடுதலான சுதந்திரத்தைத் தருகிறது என்பது என் கணிப்பு. திரையில் யானை தப்பான திசையில் போவதைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் வேண்டாம். ஸ்கிராட்ச்சில் மாறிகளுக்கும் செய்திகளுக்கும் நாமே பெயர் வைக்கலாம், தமிழ் எழுத்திலேயே வைக்கலாம். 'உயிர்', 'வேகம்', 'ஆட்டம் முடிந்தது' என்று எழுதிவைத்த நிரலை ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் படித்தவுடன் புரியும்.

தாய்மொழி உதவுகிறதா என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். சாயமிந்து தாஸ்குப்தாவும் பெஞ்சமின் மாக்கோ ஹில்லும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஐந்து நாடுகளின் ஸ்கிராட்ச் பயனர்களை எடுத்துக்கொண்டது. தம் மொழியில் பிளாக்குகளை வைத்துக்கொண்டவர்கள், அதே நாட்டில் ஆங்கில பிளாக்குகளை வைத்துக்கொண்டவர்களைவிடப் புதிய கருத்துகளை விரைவாகக் கையாளத் தொடங்கினார்கள். தமிழில் இதற்கு முன்னோடி முயற்சி ஒன்று உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற நிரல்மொழியில் 'பதிப்பி' என்று எழுதினால் கணினி திரையில் அச்சிடும். 'ஆனால்', 'இல்லை', 'முடி' என்று எழுதி நிபந்தனை அமைக்கலாம். பைத்தானின் மேல் கட்டப்பட்ட அந்த மொழி, எல்லைப்புறத் தமிழ்வழிப் பள்ளிகளின் கணினி அறைக்குள் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

முதலமடை மாம்பழத்துக்குப் பெயர்போன ஊர். அங்கே பொருத்தமான முதல் கேம், விழும் மாங்காயைக் கூடையில் பிடிப்பது. ஸ்கிராட்ச்சின் திரை அகலத்தில் 480, உயரத்தில் 360 புள்ளிகள். நடுப்புள்ளி சுழி. இடக்கோடி மைனஸ் 240, வலக்கோடி 240. மேலே 180, கீழே மைனஸ் 180. மேல்வகுப்பில் ஆயத்தொலைவு என்று படிக்கப்போகிற கணக்கு இங்கே மாங்காயின் இருப்பிடமாகவே வந்துவிடுகிறது. மைனஸ் என்பது இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் என்று விரல் ஏற்கெனவே பழகியிருக்கும்.

மாங்காய் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தால் ஆட்டம் சலிக்கும். எனவே மைனஸ் 240 முதல் 240 வரை ஏதாவது ஓர் எண்ணைத் தற்செயலாக எடுத்து அந்த இடத்திலிருந்து விழச் சொல்கிறோம். ஒரு மாங்காய் போதாது, பத்து வேண்டும் என்று பிள்ளைக்குத் தோன்றும். மாங்காயை அதன் நிரலோடு சேர்த்துப் பத்து நகல் எடுக்கும். பிறகு வேகம் அதிகம் என்று தோன்றும். இப்போது பத்து இடத்தில் போய்த் திருத்த வேண்டும். எட்டில் திருத்தி இரண்டை மறந்துவிடும். இந்த எரிச்சல் வந்த பிறகு குளோன் என்ற பிளாக்கைக் காட்டினால் அதன் அருமை உடனே புரியும். நிரல் ஒன்றே, மாங்காய்கள் பல. ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடமும் வேகமும். ஸ்கிராட்ச் ஒரே நேரத்தில் 300 குளோன்கள்வரை அனுமதிக்கிறது. எரிச்சல் வருமுன்பே குளோனைக் கற்பித்தால் அது இன்னொரு பிளாக், அவ்வளவுதான். நல்ல ஆசிரியர் அந்த எரிச்சலுக்காகக் காத்திருப்பார்.

அடுத்து, மாங்காய் சீரான வேகத்தில் இறங்குவது பிள்ளைகளின் கண்ணுக்கே பிடிக்காது. மரத்திலிருந்து விழும் காய் அப்படி விழாது. வேகம் என்று ஒரு மாறி வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் அதை ஒன்று கூட்டி, அந்த அளவு கீழே இறக்கினால் நிஜமாக விழுவதுபோல் இருக்கும். 25 சுற்றில் வேகம் 25 ஆகிவிடும். அதற்குள் மாங்காய் 325 புள்ளி இறங்கியிருக்கும். அதாவது உச்சியிலிருந்து கிட்டத்தட்டத் தரைவரை. அங்கே கூடையை மெல்லிய கோடாக வரைந்திருந்தால் ஒரு விநோதம் நடக்கும். மாங்காய் கூடைமேல் விழுந்தும் மதிப்பெண் ஏறாது. காயின் உயரம் 10 புள்ளி, கோட்டின் தடிமன் 5 புள்ளி, இரண்டும் சேர்ந்து 15. காயோ ஒரே தாவலில் 25 புள்ளி இறங்குகிறது. ஒரு சுற்றில் கோட்டுக்கு மேலே இருந்தது, அடுத்த சுற்றில் முழுவதுமாகக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் அது எங்கேயும் இருந்ததில்லை. பெரிய கேம் நிறுவனங்களின் பொறியாளர்களும் துப்பாக்கிக் குண்டு சுவரைத் துளைக்காமல் கடந்துபோகும் இதே சிக்கலோடு போராடுகிறார்கள். கோட்டைத் தடிப்பாக்குவது ஒரு தீர்வு. ஒரு தாவலைப் பல சிறு தாவல்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் சோதிப்பது இன்னொரு தீர்வு.

யானைக் கேமில் சிறுமியை ஓடைமேல் குதிக்கவைத்தால் இதைவிட ஆழமான ஒன்று வெளிப்படும். குதிக்கும்போது வேகம் 12 என்று வைப்போம். ஒவ்வொரு சுற்றிலும் அந்த அளவு மேலே ஏற்று, பிறகு வேகத்தில் ஒன்றைக் குறை. முதல் சுற்றில் 12, அடுத்து 11, அடுத்து 10 என்று ஏறி, 12 சுற்றில் உச்சிக்குப் போகிறாள். நேரக் கணக்கில் 0.4 நொடி. உயரம் 12 முதல் 1 வரை கூட்டினால் வருவது, 78. இயற்பியல் பாடநூலின் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், தொடக்க வேகத்தின் வர்க்கம் 144, அதை முடுக்கத்தின் இரு மடங்கான 2ஆல் வகுத்தால் 72தான் வருகிறது. ஆறு புள்ளி கூடுதல். இப்போது இரண்டு பிளாக்குகளின் வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் வேகத்தைக் குறை, பிறகு மேலே ஏற்று. உயரம் 66. ஆறு புள்ளி குறைவு. ஒரே இரண்டு கட்டளைகள். எது முன்னே வருகிறது என்பதைப் பொறுத்து 12 புள்ளி வித்தியாசம்.

காரணம் எளியது, ஆனால் பெரியது. உண்மை உலகில் வேகம் ஒவ்வொரு கணமும் தொடர்ந்து குறைகிறது. நம் நிரலோ ஒரு சுற்று முழுக்க வேகம் மாறாது என்று வைத்துக்கொள்கிறது. முதல் வரிசையில் சுற்றின் தொடக்க வேகத்தை எடுக்கிறது, அதனால் மிகை. இரண்டாவதில் சுற்றின் இறுதி வேகத்தை எடுக்கிறது, அதனால் குறை. இரண்டின் சராசரி சரியாக 72. சுற்றைப் பாதியாக்கி, ஒவ்வொரு அரைச்சுற்றிலும் 6, 5.75, 5.5 என்று ஏற்றினால் மொத்தம் 75. பிழை ஆறிலிருந்து மூன்றாகக் குறைந்துவிட்டது. இன்னும் பாதியாக்கினால் இன்னும் குறையும். லியோனார்ட் ஆய்லர் 18ஆம் நூற்றாண்டில் வகுத்துக்கொடுத்த முறை இதுதான். நாளைய மழையைக் கணிக்கும் கணினியும் காலத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, இப்படியே ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குத் தாவிப் போகிறது. நுண்கணிதம் என்ற சொல்லையே கேட்டிராத எட்டாம் வகுப்புப் பிள்ளை, சிறுமி ஏன் கொஞ்சம் அதிகமாகக் குதிக்கிறாள் என்று கேட்டு அதன் வாசல்படியில் வந்து நிற்கிறது.

குதிப்பைப் பேசும்போது நடையையும் சொல்லிவிட வேண்டும். 'வலது அம்புக்குறி அழுத்தப்படும்போது பத்து அடி நகர்' என்று எழுதினால், பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கையில் சிறுமி ஓர் அடி வைத்து, தயங்கி நின்று, பிறகுதான் ஓடத் தொடங்குவாள். அந்தத் தயக்கம் நிரலில் எங்கும் இல்லை. எழுத்துகளைத் தட்டச்சு செய்யும்போது ஒரு பொத்தானைப் பிடித்தால் முதலில் ஓர் எழுத்து, சற்று இடைவெளி, பிறகு வரிசையாக எழுத்துகள் வரும் அல்லவா, விசைப்பலகையின் அந்தப் பழக்கம் கேமுக்குள் நுழைந்துவிட்டது. 'எப்போதும்' லூப்புக்குள் "இப்போது பொத்தான் அழுந்தியிருக்கிறதா?" என்று கேட்டால் நடை வழுக்கிக்கொண்டு போகும். மோதலில் நிலையைக் கேட்டது தவறாக இருந்தது, நடையில் நிலையைக் கேட்பதே சரி.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இஸ்ரேலில் ஓர்னி மீர்பாம்-சாலண்ட், மிகால் அர்மோனி, மோர்தெகாய் பென்-ஆரி மூவரும் ஸ்கிராட்ச்சில் கற்ற மாணவர்களின் பழக்கங்களைக் கவனித்து 2011இல் எழுதினார்கள். பிள்ளைகள் எதைச் செய்யப்போகிறோம் என்று யோசிக்காமல், கையில் கிடைத்த பிளாக்குகளைக் கோத்துப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். ஒரே வேலையை மிகச்சிறிய துண்டுகளாகச் சிதறடித்துவிடுகிறார்கள் என்பது அவர்களின் கவலை. அது உண்மையான கவலை. ஒரு பிள்ளையின் கேமைத் திறந்தால் திரை முழுக்கத் துண்டு துண்டாக நிரல்கள் கிடக்கும். எது எதைத் தொடங்கிவைக்கிறது என்று செய்தவருக்கே தெரியாது. யானை ஒரு துண்டில் உயிரைக் குறைக்கும், இன்னொரு துண்டு அதே கணத்தில் அதை 3 என்று மீட்டுவைக்கும். எழுதுவதற்கு முன் ஒரு தாளில் விதிகளை வரிசையாக எழுதச் சொல்வதும், முடித்த பிறகு இன்னொரு பிள்ளை அந்த நிரலை வாய்விட்டு வாசிக்கக் கேட்பதும் இதற்கு நல்ல மருந்து. நாற்பது நிமிடப் பீரியடில், ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பேர் அமர்ந்திருக்கும் அறையில், முதலில் கைவிடப்படுவதும் இந்தத் தாள்தான். அதைக் கைவிடக் கூடாது.

பிளாக்கிலிருந்து எழுத்துக்கு மாறும் காலமும் வரும். கேம் உலகம் அதற்கும் நல்ல பாலம். கேம் எஞ்சினை சி++ போன்ற வேகமான மொழியில் எழுதிவிட்டு, யார் எப்போது எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்பதைச் சின்ன ஸ்கிரிப்ட் மொழியில் எழுதும் வழக்கம் அங்கே நெடுநாளாக உண்டு. பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993இல் பிறந்த லுவா அப்படிப்பட்ட மொழி. 1998இல் வந்த கிரிம் ஃபண்டாங்கோ என்ற புகழ்பெற்ற கேமில் அது பயன்பட்டது. இன்று செல்போனில் ரோப்ளாக்ஸ் ஆடும் பிள்ளைகள் தொடும் பொருள்களுக்குப் பின்னால் அதன் வழிவந்த மொழியே ஓடுகிறது. உலகப் புகழ்பெற்ற நிரல்மொழி ஆங்கிலம் பேசாத ஒரு நாட்டிலிருந்து வந்ததைத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். பைத்தானிலும் பேப்பர்ட்டின் ஆமை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, அதே முன்னே போ, அதே வலப்பக்கம் திரும்பு.

யானை தொட்டால் என்ற நிபந்தனை திரையைவிட்டு வெளியேயும் வேலை செய்கிறது. மூணாறுக்கு வடக்கே, தமிழ்நாட்டுப் பக்கத்து வால்பாறையில், நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் வனத்துறையோடும் மக்களோடும் சேர்ந்து யானை இருக்குமிடத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் முறையை உருவாக்கியது. செல்போன் அழைப்பால் எரியும் சிவப்பு விளக்குகளும் கம்பங்களில் நின்றன. பாலக்காட்டு எல்லையான வாளையாறுக்கு அருகே, நவக்கரையில் 2021 நவம்பரில் ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. 2024 பிப்ரவரியில் அப்பகுதியின் மதுக்கரை வனச்சரகத்தில் 12 கோபுரங்களில் கேமராக்கள் பொருத்தி, யானை தண்டவாளத்தை நெருங்கினால் எச்சரிக்கும் அமைப்பு இயங்கத் தொடங்கியது. அந்த அமைப்பை வடிவமைப்பவருக்கும் நம் சிறுமியின் மூன்று உயிர்ச் சிக்கல் உண்டு. கேமரா ஒவ்வொரு படத்திலும் யானையைக் காணும். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எச்சரிக்கை போனால் ரயில் நிலையத்தில் யாரும் எச்சரிக்கையைக் கவனிக்க மாட்டார்கள்.

திரையில் கற்றதைக் கையில் பிடித்துப் பார்க்கும் வாய்ப்பும் இப்போது வந்திருக்கிறது. கேரளத்தில் 2024இல் ஏழாம் வகுப்புக் கணினிப் பாடநூலில் முகபாவத்தை அடையாளம் காணும் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி சேர்ந்தது. 2025இல் பத்தாம் வகுப்பின் 4.3 லட்சம் மாணவர்களுக்கும் ரோபாட்டிக்ஸ் பாடமாயிற்று. அதற்காக 29,000 கிட்டுகள் பள்ளிகளுக்குப் போயின. ஆர்டுயினோ போர்டு, எல்.இ.டி. விளக்கு, ஒளியை உணரும் எல்.டி.ஆர்., பஸ்ஸர், சின்ன மோட்டார் எல்லாம் அதில் உண்டு. அதைக் கொண்டு செய்யக்கூடிய எளிய பயிற்சி ஒன்று, இருட்டினால் தானாக எரியும் தெருவிளக்கு. ஒளியின் அளவை ஆர்டுயினோ 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகத் தருகிறது. எண் 500க்குக் கீழே போனால் விளக்கை ஏற்று, மேலே போனால் அணை. கொழிஞ்சாம்பாறையின் வெட்ட வெயிலில் இது பிசகாமல் வேலை செய்யும்.

மூணாறில் பட்டப்பகலில் மஞ்சு என்னும் மூடுபனி இறங்கும்போது விளக்கு துடிக்க ஆரம்பித்துவிடும். ஸ்கிராட்ச்சில் தொடுதல் என்பது ஆம் அல்லது இல்லை, நடுவில் ஒன்றும் கிடையாது. உணரியின் எண்ணோ ஒரு நிலையில் நிற்காது: 498, 503, 499, 501. ஒவ்வொரு முறை 500ஐத் தாண்டும்போதும் விளக்கு எரிந்து அணைகிறது. இதற்கும் 'ஒரு நொடி காத்திரு' என்று எழுதும் பிள்ளை உண்டு; துடிப்பு மெதுவாகும், நிற்காது. இரண்டு எல்லைகள் வைத்தால் நிற்கும். 450க்குக் கீழே போனால் ஏற்று, 550க்கு மேலே போனால் அணை, நடுவில் இருக்கும்போது ஏற்கெனவே எப்படி இருந்ததோ அப்படியே இரு. இதற்கு விளக்கு எரிகிறதா இல்லையா என்பதை நிரல் நினைவில் வைத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு மாறி வேண்டும். யானைக் கேமில் உயிரின் எண்ணிக்கையை மாறியில் குறித்துவைக்கப் பழகிய பிள்ளைக்கு அந்த மாறியை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 450, 550 என்ற எண்கள் சரிதானா என்பதை மட்டும், மஞ்சு இறங்குகிற ஒரு நாளில் வராந்தாவில் போர்டை வைத்து அளந்து பார்க்க வேண்டும்.